கரப்பானுக்கும் சிலந்திக்கும் பசை அட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் 36 வீடுகள். பூச்சித் தொல்லை தொடர்பான வேலைகளை 4 ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். மருந்து அடிக்க ஆள் வரும் நாளை முடிவு செய்வதும் நான்தான், யார் வீட்டு அலமாரியில் என்ன ஊர்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் நான்தான். இத்தனை நாளில் பசை அட்டையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. மாடிப்படியில் நின்று பாதிப் பதில் சொல்லிவிட்டு வருவது எனக்கு நிறைவாக இல்லை. அதனால் முழுப் பதில்களையும் இங்கே எழுதிவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

பசை அட்டை என்றால் என்ன? அதில் விஷம் கலந்திருக்கிறதா?

தடித்த அட்டையின் ஒரு பக்கம் காயாத பசை பூசி, மேலே வழவழப்பான தாள் ஒட்டி விற்கிறார்கள். தாளை உரித்துவிட்டு அட்டையைக் கூடாரம்போல் மடித்துத் தரையில் வைக்க வேண்டும். சில அட்டைகளின் நடுவில் உணவு மணமுள்ள சிறு வில்லை இருக்கும். அது கரப்பானை அருகே இழுப்பதற்காக. சாதாரணப் பூச்சி அட்டைகளில் பூச்சிக்கொல்லி கிடையாது. பூச்சி நடந்து வந்து மாட்டுகிறது, அவ்வளவுதான். சமையலறையில் தைரியமாக வைக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். எலிக்கென்று புத்தகம்போல் விரியும் பெரிய அட்டையும் அதே அலமாரியில்தான் இருக்கும். அது வேண்டாம். காரணத்தைக் கீழே எலி பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

இதை வைத்தால் கரப்பான் அடியோடு ஒழிந்துவிடுமா?

ஒழியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அடுப்படியில் திரியும் சின்னக் கரப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் கரப்பான் ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை சுமக்கும். வாழ்நாளில் இப்படிப் பல பைகள். அட்டையில் சிக்குவது இரவில் இரை தேடி வெளியே வந்தவை மட்டும்தான். மீதிக் கூட்டம் இடுக்குக்குள் பத்திரமாக இருக்கும்.

அப்படியானால் எதற்கு அட்டை? பூச்சி எங்கே இருக்கிறது, எந்த வகை, கூடுகிறதா குறைகிறதா என்ற மூன்றையும் அது சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு வீடு முழுவதும் மருந்து அடிப்பதற்கும், சரியாக ஓர் இடுக்கைத் தேடிப் பிடித்து அங்கே வேலை செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். அட்டையை வேவுக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தின் நடுவில் வைத்தேன், ஒன்றுகூட விழவில்லை. எங்கே வைப்பது?

கரப்பான் திறந்த வெளியை விரும்பாது. மீசையோ உடம்போ எதையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் அதற்கு. அதனால் சுவரோரமாகவே நடக்கும். அட்டையின் விளிம்பு சுவரைத் தொட வேண்டும். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால்கூடப் பூச்சி பின்னால் புகுந்து போய்விடும். இரண்டு சுவர்கள் சேரும் மூலை இன்னும் நல்லது.

இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு 6 அட்டைகள் போதும். பாத்திரம் துலக்கும் சிங்க்குக்கு அடியில், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டாருக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர் நிற்கும் மூலையில், கிரைண்டர் அருகில், குளியலறையில் தண்ணீர் போகும் துளைக்குப் பக்கத்தில் ஈரம் படாதபடி, பழைய செய்தித்தாள்களும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கிய இடத்தில் என ஆறு. சூடும் ஈரமும் இருட்டும் சேரும் இடமே பூச்சிக்குப் பிடித்த இடம். ஒவ்வோர் அட்டையிலும் எண்ணும் வைத்த தேதியும் பேனாவால் எழுதுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த பதில் உங்களுக்குப் பயன்படாது.

ஒரு வாரத்தில் எட்டு விழுந்திருக்கிறது. இது அதிகமா, குறைவா?

மொத்த எண்ணிக்கையைவிட, எந்த அட்டையில் எத்தனை என்பதே முக்கியம். ஆறு அட்டைகளில் எட்டும் சிதறி விழுந்திருந்தால் அவை ஊர்வலம் போனவை. எட்டும் ஒரே அட்டையில் விழுந்திருந்தால் கூடு அங்கேதான், ஓர் எட்டு தூரத்தில். அடுத்ததாக உருவத்தைப் பாருங்கள். எள் அளவும் கடுகு அளவுமாக இறக்கையில்லாத குஞ்சுகள் இருந்தால் பக்கத்திலேயே பெருகுகிறது என்று பொருள், ஏனென்றால் குஞ்சுகள் கூட்டைவிட்டு அதிக தூரம் வருவதில்லை. மூன்றாவதாக, அட்டையின் எந்த விளிம்பில் மாட்டியிருக்கின்றன என்று பாருங்கள். அந்தத் திசையிலிருந்துதான் வந்திருக்கின்றன.

இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் ஆறு மாதமாகச் சிங்க்குக்கு அடியிலேயே மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அட்டை வைத்துப் பார்த்தோம். சிங்க் அட்டையில் ஒன்று. மேடைமேல் கிரைண்டர் ஓரம் வைத்ததில் பத்தொன்பது, அதில் பதினைந்து குஞ்சுகள், எல்லாம் கிரைண்டரைப் பார்த்த விளிம்பில். மின்இணைப்பை எடுத்துவிட்டு அந்த அம்மா கிரைண்டரைச் சாய்த்தார். அடித்தட்டின் காற்றுத் துளைகளில் டார்ச் வெளிச்சம் பட்டதும் உள்ளே மீசைகள் அசைந்தன. மாவுத் துணுக்கு, மோட்டார்ச் சூடு, யாரும் தொடாத இருட்டு. அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? கிரைண்டரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பிரித்துத் துடைத்து வாங்கினோம். மூன்று வாரத்தில் அந்த மூலை அட்டையில் ஒன்றுகூட இல்லை.

சின்னது குட்டி, பெரியது தாய் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையா?

இல்லை, இரண்டும் வேறு இனங்கள். சின்னது ஜெர்மன் கரப்பான். முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. வெளிர்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். இது வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பெருகும். பெரியது அமெரிக்கக் கரப்பான், நாலு சென்டிமீட்டர் வரை, செம்பழுப்பு. சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் அதன் வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய்களுக்குள் நீர் ஏறும்போது மேலே வருகிறது. முட்டைக்கூட்டை உடம்பிலேயே வைத்துக்கொண்டிருக்காது, கறுத்த காராமணி விதைபோல எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும்.

வகை தெரிந்தால் வேலை பாதியாகும். அட்டையில் பெரியவை மட்டுமே விழுந்தால் சமையலறையைப் புரட்டிப் போட வேண்டாம். குளியலறைத் துளைகளுக்கு நெருக்கமான வலைமூடி போடுங்கள், குழாய் சுவருக்குள் போகும் இடைவெளியைச் சிமெண்டால் அடையுங்கள், பயன்படுத்தாத கழிவறையில் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். கழிவுக்குழாயின் வளைவில் தண்ணீர் நின்றால்தான் வழி அடைபடும். சின்னவை விழுந்தால் மேலே சொன்ன கிரைண்டர் வீட்டைப்போல் உள்ளேயே தேட வேண்டும்.

ஜெல் மருந்தும் வைத்திருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா?

வேண்டாம். ஜெல்லைத் தின்ற கரப்பான் கூட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாக வேண்டும். அதன் கழிவையும் உடலையும் மற்றவை தின்னும், அவையும் சாகும். ஜெல்லின் பலமே அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் அட்டை இருந்தால் தின்றது வழியிலேயே மாட்டிவிடும். முதலில் ஒரு வாரம் அட்டை வைத்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு அதே இடத்து இடுக்குகளில் ஜெல்லைப் பருப்பளவு புள்ளிகளாக வையுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அட்டை வைத்து எண்ணுங்கள். மருந்து வேலை செய்ததா என்பது அப்போது தெரியும்.

ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஸ்பிரேயின் வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. அதோடு, சின்னக் கரப்பான்களில் பல கூட்டங்கள் ஸ்பிரே மருந்துகளுக்குப் பழகிவிட்டன. அடித்ததும் சிதறி ஓடி, பக்கத்து அறையில் புதிய கூடு கட்டும்.

ஓர் அட்டை எத்தனை நாள் தாங்கும்?

தேதியைவிடப் பசையைப் பாருங்கள். ஒரு தீக்குச்சியால் தொட்டால் நூல்போல் இழுபட வேண்டும். தூசி, மாவு, தாளிப்பு எண்ணெய்ப் புகை படிந்தால் இரண்டு வாரத்திலேயே செத்துவிடும். பரணில் வைத்தது இரண்டு மாதம்கூட நிற்கும். வெயில் விழும் இடத்தில் வைக்காதீர்கள், பசை இளகி வழியும்.

பூச்சி ஒட்டிய அட்டையை எப்படி அப்புறப்படுத்துவது?

நாள் கடத்தாமல் எடுத்துவிடுங்கள். முட்டைப்பையோடு மாட்டிய பெண் கரப்பான் செத்தாலும் முட்டை பொரிக்கலாம். செத்த பூச்சியைத் தேடி எறும்பும் வரும். அட்டையை உள்பக்கமாக மடித்து, பழைய தாளில் சுற்றி, கட்டிய பையில் குப்பைக்குப் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இன்னும் கவனம் தேவை. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் மூச்சிரைப்பைத் தூண்டும். அட்டை எடுத்த இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

எறும்பு, ஈ, கொசு, மூட்டைப்பூச்சி எல்லாவற்றுக்கும் இதே அட்டை போதுமா?

போதாது. எறும்பு சாரைசாரையாக வரும், நூறு ஒட்டினாலும் புற்றுக்குத் தெரியாது. கொசு தரையில் நடப்பதில்லை. ஈக்குத் தொங்கவிடும் பசைச்சுருள் தனியாகக் கிடைக்கிறது, அது ஓரளவு உதவும். மூட்டைப்பூச்சிக்கு அட்டையை நம்பவே நம்பாதீர்கள். அட்டை வெறுமையாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள், அது கட்டில் பொருத்துகளுக்குள் பெருகிக்கொண்டிருக்கும். கட்டில் கால்களுக்கு அடியில் வழுவழுப்பான கிண்ணம் வைப்பது அதற்குச் சரியான கண்காணிப்பு. புத்தக அலமாரியில் ஓடும் வெள்ளி நிறப் பூச்சி, ராமபாணம் என்போமே, அது நன்றாக மாட்டும்.

தொட்டிச் செடிகளைச் சுற்றிப் பறக்கும் சிறு கொசு போன்றவற்றுக்கும் வெள்ளை ஈக்கும் மஞ்சள் நிற அட்டை. அந்த நிறம் அவற்றை இழுக்கும். மஞ்சள் பூசிய தகரத்தில் ஆமணக்கு எண்ணெய் தடவி வயலில் நட்டு வைப்பது நம் விவசாயிகள் நெடுநாளாகச் செய்வதுதான்.

அரிசி டப்பாவுக்குள் அட்டையை வைத்தால் வண்டு ஒட்டாதா?

உணவுக்குள் பசை வேண்டாம். வண்டு தானியத்துக்குள்ளேயே வாழ்வது. வெளியே வந்து அட்டையில் ஏறுவதற்கு அதற்குத் தேவை இல்லை. இதற்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப்பொறி இருக்கிறது. சுற்றிலும் சிறு துளைகள் உள்ள குழாய். அதை அரிசிக்குள் செருகினால், காற்றோட்டமுள்ள இடத்தைத் தேடும் வண்டு துளை வழியே நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழுந்துவிடும், ஏறி வர முடியாது. பசையும் இல்லை, மருந்தும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பொறி இது.

சிலந்தி மாட்டுமா? ஸ்பிரே அடித்தும் சாகவில்லையே?

தரையில் அலைந்து இரை பிடிக்கும் சிலந்திகள் மாட்டும். கூரை மூலையில் வலை கட்டி, தொட்டால் உடம்பைக் குலுக்கும் நீண்ட கால் சிலந்தி மாட்டாது. அது கீழே இறங்குவதே அரிது. அதற்கு ஒட்டடைக் கம்பு போதும். ஸ்பிரே ஏன் வேலை செய்யவில்லை என்றால், கரப்பான் தரையோடு உடம்பை ஒட்டிக்கொண்டு நடக்கிறது, சிலந்தி நுனிக்காலில் நிற்கிறது. தரையில் காய்ந்த மருந்து அதன்மேல் அதிகம் படுவதில்லை.

அட்டையில் சிலந்தி அடிக்கடி விழுகிறது என்றால் அதன் இரை அந்த வீட்டில் நிறைய இருக்கிறது. அட்டையில் மற்ற பூச்சிகள் குறையும்போது சிலந்தியும் தானாகக் குறைவதைப் பார்ப்பீர்கள்.

சிலந்தியைக் கொல்லாதே என்கிறார் மாமியார். கடித்துவிடும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

நான் உங்கள் மாமியார் பக்கம். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டிக்கொண்டு, சில நேரம் வயிற்றுக்கு அடியில் வெள்ளை வில்லைபோல் முட்டைப்பையைச் சுமந்து நிற்குமே, அந்தப் பெரிய சிலந்தியின் உணவே கரப்பான்தான். சன்னலோரம் துள்ளும் சின்னச் சிலந்தி ஈயையும் கொசுவையும் பிடிக்கும். பயமாக இருந்தால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அஞ்சலட்டையைச் செருகி, வெளியே விட்டுவிடுங்கள். சிலந்திக்காகவே அட்டை வைக்க வேண்டாம்.

உடம்பில் கொப்புளம் கண்டால் உடனே எட்டுக்கால் பூச்சிமேல் பழி போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மழைக்கால இரவில் விளக்கைத் தேடி வரும் ஆரஞ்சும் கறுப்புமான மெல்லிய வண்டு ஒன்று உண்டு, பார்க்க எறும்புபோல் இருக்கும். அது தோலில் நசுங்கினால் கோடு போட்டதுபோல் எரிந்து கொப்பளிக்கும். அதை அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு பக்கமாகப் படரும் அக்கியும் சிலந்தியால் வருவதில்லை, சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ்தான் காரணம். முதல் 3 நாட்களுக்குள் மருத்துவரிடம் போனால் மருந்து நன்றாகக் கேட்கும். அட்டை வைத்துச் சிலந்தி பிடித்துக்கொண்டு அந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

ஐயோ, பல்லி ஒட்டிக்கொண்டது! என்ன செய்வது?

இழுக்காதீர்கள். வால் அறுந்துவிடும், தோலும் உரியும். முதலில் அதைச் சுற்றியுள்ள வெற்றுப் பசைமேல் அரிசி மாவைத் தூவுங்கள், விடுபட்ட கால் மறுபடியும் ஒட்டாது. பிறகு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ எடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் உடம்பும் பசையும் சேரும் கோட்டில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கில் எண்ணெய் போகக் கூடாது.

போன மார்கழியில் கீழ்வீட்டுச் சிறுமி ஓர் அட்டையை ஏந்திக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். விரல் நீளப் பல்லி, கன்னமும் இரண்டு கால்களும் பசைக்குள். தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் ஆயிற்று. கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பஞ்சால் தள்ளி எடுத்தோம், கடைசியில் கன்னம். எண்ணெய் பட்ட பாதத்தால் பல்லி சுவரில் ஏற முடியாது. மெல்லிய துணியில் ஒற்றி எடுத்து, துளையிட்ட செருப்புப் பெட்டியில் தாள் விரித்து வைத்தோம். மாலையில் திறந்தபோது பெட்டியின் பக்கச் சுவரில் ஏறி நின்றது. காஞ்சி வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குகிறோம், வீட்டுப் பல்லிக்கு இந்த இருபது நிமிடம் கொடுக்கலாம்.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. விரித்த அட்டையைத் தரையில் கிடத்தாதீர்கள், கூடாரமாக மடித்து வாயை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையுங்கள். சுவரில் ஒட்டவே கூடாது. தினமும் காலையில் ஒரு பார்வை பாருங்கள். தரைத்தள வீடுகளில் சிறு பாம்பு ஒட்டிய நிகழ்வும் உண்டு. அப்போது கிட்டே போகாமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

எலிக்கும் பசை அட்டை வைக்கலாமா?

கூடாது. ஒட்டிய எலி உடனே சாகாது. பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் துடிக்கும். தன் காலையே கடித்துக்கொள்ளும். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-வது பிரிவுக்கு இது எதிரானது என்று சொல்லி, இந்திய விலங்குகள் நல வாரியம் இந்த அட்டைகளைத் தடுக்கும்படி மாநில அரசுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்து, வாரியத்தின் முதல் தலைவராகவும் இருந்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். எலிக்குக் கூண்டு வையுங்கள், கதவிடுக்கை அடையுங்கள்.

குழந்தை அட்டையில் கை வைத்துவிட்டது, பிசுபிசுப்பு போகவில்லை.

பதற வேண்டாம். சமையல் எண்ணெயைத் தடவி இரண்டு நிமிடம் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்பு. மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் குழந்தைத் தோலில் படக் கூடாது. பூனையின் ரோமத்தில் ஒட்டினாலும் இதேபோல் எண்ணெய்தான். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அட்டை கைக்கு எட்டாத இடுக்கில் மட்டுமே இருக்க வேண்டும்.

கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்ய முடியாதா?

பசை காய்ச்சும் வேலை அடுப்படிக்கு ஆகாது. அதைவிட எளிதான வழி, காலி ஊறுகாய் பாட்டில். வாயின் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வாஸலின் தடவி, அடியில் ரொட்டித்துண்டோ வாழைப்பழத் தோலோ போடுங்கள். பாட்டிலின் வெளிப்புறம் ஏறுவதற்குத் தாள் சுற்றுங்கள். இறங்கிய கரப்பான் வழுக்கி உள்ளேயே கிடக்கும். காலையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிவிடலாம். பல்லிக்கும் இதில் பெரிய ஆபத்தில்லை.

ஐந்து வாரமாக அட்டைகளில் ஒன்றும் இல்லை. ஆனால் இரவில் கரப்பானைக் கண்ணால் பார்க்கிறேன். எப்படி?

முதலில் தீக்குச்சிச் சோதனை, மேலே சொன்னது. பசை நன்றாக இருந்தால் அட்டைதான் தவறான உயரத்தில் இருக்கிறது. நாம் எல்லா அட்டைகளையும் தரையில் வைக்கிறோம். சின்னக் கரப்பான் பல வீடுகளில் தரைக்கு வருவதே இல்லை. மேல் அலமாரிக் கீல்கள், சுவர்க் கடிகாரத்தின் பின்புறம், மின்சுவிட்சுப் பெட்டி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியின் உள்புறம் என மேலேயே குடும்பம் நடத்தும். மேடையில் சிந்திய உணவும் சிங்க்கின் ஈரமும் கிடைத்தால் அதற்குத் தரை எதற்கு?

இரவு ஒரு மணிக்குமேல் சமையலறைக்குப் போய் விளக்கைப் போடுங்கள். அடிக்க ஓடாதீர்கள், அசையாமல் நின்று பாருங்கள். பயந்த கரப்பான் நேராகத் தன் இடுக்குக்குத்தான் ஓடும். அது மறைந்த இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில், அதே உயரத்தில், அலமாரித் தட்டின்மேல் புதிய அட்டையை வைத்துவிட்டு, மேடையைத் துடைத்து, சிங்க்கை உலர்த்திவிட்டுப் போய்ப் படுங்கள்.